நிரப்பாமல் விட்ட கட்டம்

ஊரை விட்டு வந்து குடியேறிய இந்த மல்வேர்னில், எங்கள் வரிசை வீடுகளில் எவருக்கேனும் ஆங்கிலப் படிவம் ஒன்று வந்தால், இரண்டு நாட்களுக்குள் அது என் மேசைக்கு வந்துவிடும். ஓய்வூதியம், குடியுரிமை, பிள்ளைகளின் பாடசாலை அனுமதி, வீட்டுக் காப்புறுதி என்று எதுவும் விலக்கில்லை. ஊரில் முப்பது ஆண்டுகள் கச்சேரி என்னும் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்த கை இது. நீராடித் திருநீறு அணிந்து, ஒரு பதிகத்தையேனும் பண்ணோடு பாடி முடித்த பின்னரே பேனாவைத் தொடுவேன். கணினி வந்த பிறகும் அந்த முறையை மாற்றவில்லை. இன்னொரு நியமமும் எனக்கு இருந்தது. அமங்கலமான எதையும் என் கையால் எழுதுவதில்லை. இறப்புப் பதிவு, ஈமச் செலவு என்று எவரேனும் தாள்களோடு வந்தால், கைகூப்பி வேறிடம் அனுப்பிவிடுவேன்.

பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொல்லியே என்னைப் பகிடி பண்ணுவார். "அண்ணை பிறப்புக் கந்தோர் மட்டுந்தான். செத்தால் நாங்கள் வேறை கந்தோர் பாக்கவேணும்."

நானும் சிரிப்பேன். உள்ளூர அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். முப்பத்து மூன்று வயது. நகரின் பாலங்களில் வெடிப்பும் துருவும் தேடும் பொறியியலாளர். பாடசாலைச் சுற்றுலா ஒன்றில் பனிச்சறுக்குப் பலகையைக் காலில் கட்டியவள், பிறகு அதைக் கழற்றவே இல்லை. முதலில் இந்த மாகாணத்துக் குன்றுகள், பின்னர் மேற்கே பெருமலைகள், அதன் பின்னர் கடல் கடந்த நாடுகள். பலர் சறுக்கி இறுகிப்போன பாதைகள் அவளுக்கு அலுத்துவிட்டன. எவர் தடமும் படாத தூள்பனியைத் தேடினாள்.

"அதிலை என்னதான் இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சத்தமே இராது அப்பா. முழங்கால் மட்டும் பனி, அரிச்ச மா மாதிரி. நீங்கள் பாடேக்கை ஒரு இடத்திலை குரலை விட்டிட்டுச் சும்மா நிப்பீங்கள் தானே, அந்த மாதிரி."

அந்தப் பதிலுக்குப் பின் அவளைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

கடந்த தை மாதம் அவள் கிர்கிஸ்தானுக்குப் புறப்பட்டாள். மலையின் மடியில் ஒரு சிற்றூர். கம்பியில் தொங்கி மேலே கொண்டுபோகும் இயந்திரக் கதிரைகள் இல்லை. பின்னோக்கி வழுக்காமல் இருக்கப் பலகையின் அடியில் பிடிதோலை ஒட்டிக்கொண்டு நான்கு மணித்தியாலம் ஏறி, பத்து நிமிடத்தில் இறங்க வேண்டும். துணைக்கு அவளுடைய பல்கலைக்கழகத் தோழி. இங்கேயே பிறந்த நம்மவர் பிள்ளை அவள். புறப்படுவதற்கு முந்திய கிழமை எங்கள் முன்னறைக் கம்பளம் முழுவதும் கருவிகள் பரந்து கிடந்தன. பனியில் புதைந்தவரைத் தேடும் நீண்ட கோல், மடக்கும் மண்வெட்டி, மார்பில் கட்டும் சமிக்ஞைக் கருவி, இழுத்தால் ஊதிப் பெருகும் காற்றுப்பை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை சோதித்தாள்.

"எல்லாம் இருக்கு. இன்சூரன்ஸ் மட்டும் நீங்கள் நிரப்பி விடுங்கோ அப்பா. எனக்கு வேலையிலை நேரமில்லை. கடைசிப் பக்கத்திலை ஒரு கட்டம் வரும், பாதைக்கு வெளியாலை போற ஆக்களுக்கு. அதைக் கட்டாயம் கிளிக் பண்ணவேணும். அது இல்லாட்டி அந்த ஊரிலை ஹெலிகொப்டர் எழும்பாது."

"நான் நிரப்பின படிவம் எது திரும்பி வந்தது?" என்றேன்.

வெள்ளிக்கிழமைக் காலை. பூசை முடித்து, தொண்டையில் பண் இன்னும் ஈரமாக இருக்கும்போதே கணினியைத் திறந்தேன். பெயர், பிறந்த நாள், கடவுச்சீட்டு, போகும் நாடு எல்லாம் பிழையின்றி நிரம்பின. கடைசிப் பக்கமும் வந்தது. அபாயமான விளையாட்டுகளுக்கான மேலதிகக் காப்பு என்பது தலைப்பு. அதன் கீழ் முதல் வரியிலேயே மரணம் இருந்தது. காப்புறுதி பெறுபவர் இறந்தால் அவரது எஞ்சிய உடலத்தைப் பதப்படுத்துவது, பேழையில் இடுவது, தாயகம் சேர்ப்பது என்று அது நீண்டது. அதற்கும் கீழே தேடுதல், மீட்டல், ஹெலிகொப்டர். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டம்.

என் மகளின் பெயர் அந்தத் திரையின் தலைப்பில் இருந்தது.

விரல் பின்வாங்கியது. திருநீறு காயாத நெற்றியோடு, வெள்ளிக்கிழமையில், பெற்ற பிள்ளையின் பெயருக்குக் கீழே அதை நான் எப்படி வேண்டும் என்று கேட்பேன்? அவளே பிறகு தொடட்டும் என்று எண்ணினேன். கட்டத்தை விட்டுவிட்டு மற்றதை அனுப்பினேன். சான்றிதழ் வந்தது. அதை அச்சிட்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை வாசிக்காமலே பையில் வைத்தாள். நான் நிரப்பியதை எவரும் வாசித்துப் பார்ப்பதில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஐந்து நாட்கள் போயின. விமான நிலையத்துக்கு வாகனம் வந்து, அவள் வாசலைத் தாண்டி, நீண்ட பையைத் தோளில் ஏற்றியபோது அது நெஞ்சில் குத்தியது. வாய் திறந்தேன். மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"வாசல் தாண்டின பிள்ளையைப் பின்னாலை கூப்பிடாதேங்கோ."

அவளைக் குறை சொல்லேன். என்ன சொல்ல வந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. அந்தத் தடையை நான்தான் நன்றியோடு ஏற்றுக்கொண்டேன். கைத்தொலைபேசியில் ஒரு வரி அனுப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்? அனுப்பவில்லை. மாறாக, நாள்தோறும் அவளுக்காக ஒரு பதிகம் கூடுதலாகப் பாடினேன். எந்தக் கம்பனியின் காப்பும் இதற்கு ஈடில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இறைவனை என் சோம்பலுக்குப் பிணை நிற்க வைத்தேன் என்பது அப்போது விளங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. தோழி. அங்கே மாலை ஆறு, இருட்டிவிட்டது.

"அங்கிள், லிஸின், அவ உயிரோடை இருக்கிறா. ஃபர்ஸ்ட் அதைக் கேளுங்கோ. அவலான்ச் ஒண்டு வந்தது. ஆறு நிமிஷத்திலை தோண்டி எடுத்திட்டம்."

அவர்கள் நேரப்படி அன்று பகல் மூன்று மணியளவில், அவர்கள் இறங்கிக்கொண்டிருந்த சரிவின் மேலடுக்கு மொத்தமாகக் கழன்றிருக்கிறது. காற்றுப்பை அவளை மேலே மிதக்க வைத்தது. ஆனால் இடக்கால் பலகையோடு சேர்ந்து மரமொன்றில் மாட்டி முறுகியது. முழங்காலுக்குக் கீழ் இரண்டு எலும்பும் முறிவு. ஊரின் தாதி ஒருத்தி பார்த்திருக்கிறாள். கால் உள்ளே இரத்தம் கட்டி வீங்குகிறது, பாதம் குளிர்கிறது, தலைநகரில் அறுவைச் சிகிச்சை நடந்தாக வேண்டும் என்றிருக்கிறாள். ஊருக்கு வரும் வீதியை அதே பனிச்சரிவு மூடிவிட்டது.

"கைட் சொல்லுறார், ரெண்டு வழி இருக்காம். ஒண்டு, விடிய ஹெலி. மற்றது, இப்பவே குதிரை பூட்டின ஸ்லெட்டிலை வைச்சு ரோட் அடைபட்ட இடத்துக்கு அங்காலை கொண்டுபோனால் அம்புலன்ஸ் வரும். அஞ்சு மணித்தியாலம். அது அவவுக்குச் சரியான நோவாய் இருக்கும். இண்டைக்கு இரவு பத்து மணி வரைக்குந்தான் அந்தச் சரிவு குளிரிலை இறுகி நிக்குமாம். பிறகு காத்து, புது ஸ்நோ. நாங்கள் ஹெலிக்கு வெயிட் பண்ணுறம் அங்கிள். இன்சூரன்ஸ்தான் இருக்கே. நீங்கள் அவைக்கு ஃபோன் அடிச்சு, காசு கட்டுவம் எண்டு காரண்டி லெட்டர் ஒண்டு அனுப்பச் சொல்லுங்கோ. லெட்டர் இல்லாமல் ஹெலி வராதாம்."

அங்கே இரவு பத்து மணி என்றால் இங்கே காலை பதினொன்று. நான்கு மணித்தியாலம் இருந்தது. அந்தக் கணத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது நான்கு சொல். ஹெலிகொப்டருக்குக் காப்பு இல்லைப் பிள்ளை.

"சரி மோனை, இப்பவே கதைக்கிறன்" என்றேன்.

முதலில் காப்புறுதி முகவரை அழைத்தேன். நம் ஊர்த் தம்பி. அந்தத் தளத்தை எனக்குக் காட்டித் தந்தவன். கணினியில் தேடினான்.

"அண்ணை, அந்த மேலதிகக் காப்பு, அட்-ஒன், இல்லையே. ஏன் விட்டனீங்கள்?"

"விடுபட்டுப் போச்சுது தம்பி. இப்ப சேர்க்கேலாதோ?"

"வீடு எரியேக்கை வீட்டுக்கு இன்சூரன்ஸ் போடுற கதை அண்ணை உது." பின்பு குரலைத் தாழ்த்தினான். "பேசிக் பொலிசியிலை சாதாரண அக்சிடென்ட் கவர் ஆகும். மலையிலை எண்டு சொல்லாதேங்கோ. தங்கியிருந்த வீட்டு முத்தத்திலை வழுக்கி விழுந்தவ எண்டு சொல்லிப் பாருங்கோ. நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

நாற்பது ஆண்டுகளாகப் பொய்யுரையாமை பற்றிக் கோயிலில் விரிவுரை செய்தவன் நான். ஒரு நொடியும் தயங்கவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கம்பனியின் அவசர எண்ணை அழைத்தேன். உரையாடல் பதிவாகும் என்று இயந்திரம் அறிவித்தது. பிறகு இசை. ஒரே துண்டு திரும்பத் திரும்பச் சுழன்றது. யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் வாகனப் பாதையில் பனியை வாரிக்கொண்டிருந்தார். மண்வெட்டி தரையில் உரசும் ஒலி கேட்க, யன்னல் திரையை இழுத்து மூடினேன். இருபது நிமிடம், நாற்பது, ஒரு மணித்தியாலம். பேசிய பெண் மிகவும் மென்மையானவள். நான் முற்றத்துக் கதையைச் சொன்னேன். அவள் வருந்தினாள். வைத்தியக் குறிப்பொன்று வேண்டும், அங்கிருந்து அனுப்பச் சொல்லுங்கள் என்றாள். தோழியிடம் கேட்டேன். பிள்ளை வெகுளித்தனமாக எல்லாவற்றையும் அனுப்பிவிட்டாள். தாதியின் தாள், வழிகாட்டியின் அறிக்கை, சரிவின் படங்கள், தோண்டிய குழி.

மீண்டும் இசை. மீண்டும் அந்தப் பெண். இப்போது குரல் மாறியிருந்தது. மென்மை குறையவில்லை. ஆனால் அது இப்போது என்னை விட்டு விலகி நின்றது.

"ஐயா, இது பனிச்சரிவு என்று எழுதியிருக்கிறது. முற்றத்தில் விழுந்ததாகச் சொன்னீர்கள்" என்றாள் ஆங்கிலத்தில். அழைப்பை மேலதிகாரியிடம் கொடுத்தாள். அவர் ஒரே வசனத்தில் முடித்தார். குறித்த காப்பு தெரிவுசெய்யப்படவில்லை. ஆதலால் கடிதம் தர இயலாது.

பத்தரை மணி ஆகியிருந்தது.

திரும்பினேன். மனைவி சமையலறை வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"என்ன, முத்தத்திலை விழுந்தவள் எண்டு கதை சொல்லுறியள்? மலையிலை எல்லோ விழுந்தவள்?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். கட்டம், முதல் வரி, உடலம் என்னும் சொல். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"விடியக் காலமை எழும்பிச் சுடலையிலை ஆடுறவனைப் பாடுறியள். சாம்பல் பூசினவன், மண்டையோடு ஏந்தினவன் எண்டு உருகி உருகிப் பாடுறியள். அந்த வாய்க்கு உந்த ஒரு சொல்லிலை என்ன பயம்?"

அடியார்கள் இந்த உடம்பைப் பற்றி மறைத்துப் பேசியவர்கள் அல்லர். பிணமாவதையும், சுற்றத்தார் தீயிட்டுத் திரும்புவதையும், கூற்றுவன் வாசலில் நிற்பதையும் கண் சிமிட்டாமல் பாடினார்கள். நான் அவற்றை மனனம் செய்தேன், பண் பிசகாமல் பாடினேன், பிறருக்குப் பொருள் சொன்னேன். அவை பிறருடைய மரணத்தைப் பற்றியவை என்று எண்ணிக்கொண்டே ஒரு வாழ்நாள் முழுவதும் பாடியிருக்கிறேன்.

"முதல்லை பிள்ளைக்கு ஃபோன் அடியுங்கோ. ஹெலி வரும் எண்டு நம்பிக்கொண்டு கிடக்கிறாள்" என்றாள் மனைவி.

இணைப்பு கிடைக்க இன்னும் இருபது நிமிடம் போயிற்று. தோழியிடம் சொல்லத் தொடங்கினேன். பின்னால் மகளின் குரல் கேட்டது. "ஹூ இஸ் இட்? அப்பாவோ? தா." பின்பு மூச்சு. அவள் மூச்சு விடுவதைக் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு.

"அப்பா. லெட்டர் வந்திட்டுதா?"

"இல்லைப் பிள்ளை."

"லேட் ஆகுதோ?"

"வராது. அந்தக் கட்டத்தை நான் கிளிக் பண்ணேல்லை."

எங்கோ ஒரு குதிரை செருமியது. அடுப்பில் விறகு வெடித்தது. அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"ஏன் அப்பா?"

"அதிலை... உடலைக் கொண்டு வாறது எண்டு முதல்லை எழுதியிருந்தது. உன்ரை பேருக்குக் கீழை. எனக்குக் கை வரேல்லை."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ மூன்றாவது ஆளுக்குத் தகவல் சொல்வதுபோல் சொன்னாள்.

"எனக்கு என்ரை கால் விரல் ஒண்டும் தெரியேல்லை அப்பா. ஒரு மணித்தியாலமாத் தெரியேல்லை. நீங்கள் ஆறு மணிக்கே சொல்லியிருக்கலாம்."

அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. தோழியிடம் ஆங்கிலத்தில் பேசினாள். ஸ்லெட்டைக் கொண்டுவா, ஹெலி இல்லை, இப்போதே போக வேண்டும். வழிகாட்டி மறுக்கும் குரல் கேட்டது. காற்று எழுந்துவிட்டது என்றாராம். மகள் எதையோ உரத்துச் சொன்னாள். தொடர்பு அறுந்தது.

அப்போது இங்கே காலை பதினொன்று பத்து. சற்றுப் பின் தோழியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: வெளிக்கிட்டிட்டம்.

அடுத்த ஐந்து மணித்தியாலத்தை எப்படி எழுதுவது? மீண்டும் பனி பெய்யும் ஓர் இருளில், ஒருமுறை கழன்ற சரிவின் குறுக்கே, என் பிள்ளையைப் போர்வையில் சுற்றிக் கட்டி இழுத்துப் போகிறார்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் முறிந்த எலும்பு உரசும். நான் மத்திய வெப்பமூட்டி ஓடும் வீட்டில் கம்பளத்தின் மீது அமர்ந்திருக்கிறேன். பூசையறைக்குப் போனேன். பாட வாயெடுத்தேன். முதல் அடி வரவில்லை. மறதி அல்ல. அடி தெரிந்தது, அதன் பண்ணும் தெரிந்தது. அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று பட்டது. தீபத்தில் எண்ணெய் வற்றியதை மனைவி வந்து ஊற்றினாள். என்னைப் பார்க்கவில்லை.

"உயிரோடை விடு. அது போதும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். பண்ணும் இல்லை, சீரும் இல்லை. அது வழிபாடா என்றே தெரியவில்லை. வாசலில் நிற்கும் பிச்சைக்காரன் கேட்பதுபோல் கேட்டேன்.

நடுவில் முகவர்த் தம்பி அழைத்தான். "அண்ணை, என்ரை கார்ட்டிலை போட்டு ஹெலியைக் கேப்பமோ?" என்றான். நல்ல பிள்ளை. பின்னேரம் அங்குள்ள ஹெலிகொப்டர்க்காரரிடம் அவனே விசாரித்தான். விடியற்காலைப் புயலில் எவர் பணம் தந்தாலும் எழும்ப முடியாது என்றார்களாம். அதைக் கேட்டு ஒரு கணம் என் மனம் இலேசானது. அப்படியானால் கட்டத்தைத் தொட்டிருந்தாலும் பயன் இருந்திராது! அடுத்த கணமே விளங்கியது. அப்படியானால் அவர்கள் ஆறு மணிக்கே புறப்பட்டிருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் புறப்பட்டிருப்பார்கள். தப்புவதற்கென்று நான் கண்ட கதவு, என்னையே உள்ளே வைத்துப் பூட்டியது.

நான்கரை மணிக்குத் தோழியின் செய்தி வந்தது. அடைபட்ட இடத்துக்கு அப்பால் சேர்ந்துவிட்டார்கள். வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மகள் இரண்டு முறை நினைவு தப்பினாள். இப்போது விழித்திருக்கிறாள். மனைவி அந்தச் செய்தியை வாங்கி வாசித்துவிட்டு, படியில் அமர்ந்து அப்போதுதான் அழுதாள்.

தலைநகரில் விடிந்த நேரத்தில் அவளுடைய இடக்காலை அறுத்துத் திறந்தார்கள். இறந்துபோன தசையை வெட்டி எடுத்தார்கள். கால் போகவில்லை. மூன்று கிழமைக்குப் பின் சக்கர நாற்காலியில் வந்திறங்கினாள். என்னைக் கண்டதும் "அப்பா, மெலிஞ்சு போனீங்கள்" என்றாள். அந்தக் காலையைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் பேசுவதில்லை. இப்போது எவர் படிவம் கொண்டு வந்தாலும் நான் வாங்குவதில்லை. கண் பார்வை குறைந்துவிட்டது என்கிறேன்.

சித்திரை மாதம் இங்கே ஒரு நரம்பு வைத்தியரிடம் அவளை அழைத்துச் சென்றேன். இடப்பாதம் மேலே எழுவதில்லை. நெகிழிப் பட்டையொன்றைக் கட்டிக்கொண்டு நடக்கிறாள். வைத்தியர் இளைஞர், வேகமாகத் தட்டெழுதினார். அடிபட்டதற்கும் அறுவைக்கும் இடையில் எத்தனை மணித்தியாலம் என்று கேட்டார்.

"பதினாறு" என்றாள் மகள் ஆங்கிலத்தில். "வீதி மூடியிருந்தது."

அது உண்மை. என்னை விட்டுவிட்டு அவள் சொன்ன உண்மை. சுவரோரக் கதிரையில் இருந்தபடி நான் பேசினேன்.

"அதில் நான்கு மணித்தியாலம் வீதியால் வந்தவை அல்ல. என்னால் வந்தவை."

வைத்தியர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மகள் நிலத்தைப் பார்த்தாள். "அந்த நான்கும் இருந்திருந்தால் பாதம் எழும்பியிருக்குமா?" என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் மாதக்கணக்காக அஞ்சியிருந்தேன்.

"சொல்ல முடியாது" என்றார் அவர். "இருக்கலாம்."

திரையில் பதினாறு என்று மட்டும் எழுதிக்கொண்டார். பின்னர் அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, பட்டையைக் கழற்றி, மெல்லிய ஊசியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, இங்கே தெரிகிறதா, இங்கே தெரிகிறதா என்று கேட்டார். அவள் கூரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றுக்கும் "இல்லை" என்றாள்.